படம் முடியும்போது நம் பையன் எங்கே இருக்கிறான்?

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அவருக்கு மேடையில் தன் பெயரைச் சொன்னாலே பிடிக்காது. நன்றியுரையில் தன் பெயர் வரும் என்று தெரிந்தால் பத்து நிமிடத்துக்கு முன்பே டீ குடிக்க வெளியே போய்விடுவார். அதனால் இந்த உரையில் அவரை அண்ணன் என்று மட்டும் சொல்கிறேன். அச்சில் வரும்போதும் அப்படியே இருக்கட்டும் என்று தோழர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே வந்திருக்கும் மூத்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். மாணவர்களுக்கு இது போதும்: மின்வாரியத்தில் ஒயர்மேன், காலனியில் இரவுப் பள்ளி நடத்தியவர், கையில் காசு இருந்தால் புத்தகம், இல்லையென்றால் கடனுக்குப் புத்தகம்.

சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14 இரவு. அந்தக் காலத்தில் அம்பேத்கர் பிறந்தநாள் என்றால் காலையில் கொடி, மாலையில் கூட்டம், இரவில் டெக். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து காலனி நடுவில் பெஞ்சு போட்டு விடிய விடிய மூன்று படம். கேசட் எடுக்கப் போன பையன்கள் இரண்டாவது படமாகத் ‘தேவர் மக’னை எடுத்து வந்துவிட்டார்கள். சிவாஜியும் கமலும் சேர்ந்து நடித்தது, தேசிய விருது வாங்கியது, இளையராஜா இசை. யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? பெரியவர் ஒருவர் கோபமாக எழுந்துபோனார். அண்ணன் டெக்கை நிறுத்தவில்லை. அந்தப் பெருமைப் பாட்டு வந்தபோது நாங்கள் விசில்கூட அடித்தோம். நாங்கள் என்றால் நானும்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது.

படம் முடிந்ததும் மூன்றாவது கேசட் போடுவதற்கு முன்னால் அண்ணன் எங்களைப் பார்த்துக் கேட்டார். “படம் முடியறப்ப நம்ம பையன் எங்கடா இருக்கான்?”

“இதுல நம்ம பையனே இல்லையேண்ணே” என்றோம்.

“இருக்கான். தேடு.”

அடுத்த நாள் மதியம் கிணற்றில் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் திடீரென்று சொன்னான்: “டேய், இசக்கிடா.” வடிவேலு நடித்த வேலைக்காரன். பெரிய வீட்டுச் சண்டையில் கை வெட்டுப்பட்டவன். அவன் என்ன சாதி என்று படம் சொல்வதில்லை. ஐயா வீட்டு ஆள், அவ்வளவுதான். போன கையை நினைத்து அழாமல் தன் எசமானுக்காக நிற்பவன்.

அன்றிலிருந்து எந்தப் படம் பார்த்துவிட்டு வந்தாலும் அண்ணன் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்பார். கதை எப்படி, பாட்டு எப்படி என்பதெல்லாம் அப்புறம். 2000க்குப் பிறகு தமிழ் சினிமா எப்படி மாறியது என்று பேச எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

தொண்ணூறுகள் எப்படிப்பட்ட காலம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சின்னக் கவுண்டர்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ என்று பெயரிலேயே பட்டத்தையும் பதவியையும் வைத்த படங்கள் வரிசையாக ஓடின. ஊர்ப் பெரியவர் தீர்ப்பு சொல்ல, துண்டை இடுப்பில் கட்டிய கூட்டம் கேட்டு நிற்கும். இதே ஆண்டுகளில்தான் அம்பேத்கர் நூற்றாண்டு வந்தது, பாமாவின் ‘கருக்கு’ வந்தது, சேரிகளில் நீலக் கொடி ஏறியது, கொடியன்குளம் சூறையாடப்பட்டது, மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெளியே ஒரு பக்கம் நாம் எழுந்துகொண்டிருந்தோம். திரையில் நாட்டாமை இன்னும் சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2000க்குப் பிறகு நாட்டாமை எழுந்து போனார். இதை மறுக்க வேண்டியதில்லை. கேமரா பண்ணை வீட்டிலிருந்து தெருவுக்கு வந்தது. கதாநாயகனுக்கு மேக்கப் போனது, தாடி வந்தது, அழுக்குக் கைலி வந்தது. அந்த ஊர்ப் பேச்சு அந்த ஊர்ப் பேச்சாகவே கேட்டது. விமர்சகர்கள் யதார்த்த சினிமா என்று எழுதினார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. தியேட்டரில் முதன்முதலாக நம் வீடு மாதிரி ஒரு வீடு, நம் அம்மா மாதிரி ஒரு அம்மா.

2004 டிசம்பரில் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தது. மதுரையில் ஒரு மெக்கானிக் பையன் முருகன். வசதியான, மீசை முறுக்கிய வீட்டுப் பெண் ஐஸ்வர்யா. இருவரும் சென்னைக்கு ஓடிப்போகிறார்கள். கல்யாணம் நடக்கிறது. பெண் வீட்டார் நல்லவர்கள் மாதிரி பேசி ஊருக்குக் கூட்டிவந்து அவனை அடித்துச் சிதைக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்து கணவனோடும் குழந்தையோடும் திண்டுக்கல் பக்கம் போகும் ஐஸ்வர்யா, சிக்னலில் சித்தம் கலங்கித் திரியும் முருகனைப் பார்க்கிறாள்.

அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர் எங்கள் காலனியில் இல்லை. அண்ணனும் அழுதார். ஆனாலும் வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது கேட்டார். நான் பதில் சொன்னேன்: “சிக்னல்ல நிக்கிறான்ணே. பைத்தியமா.” அவர் சொன்னார்: “பொண்ணோட புருசன் நல்லவனா இருக்கான், பாத்தியா? அழுவுறதுக்கு நம்ம பையன், நல்லவன்னு பேர் எடுக்குறதுக்கு அவங்க பையன்.”

இது ஒரு நல்ல படத்தைக் குறைசொல்லும் பேச்சு என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. ‘காதல்’ நேர்மையான படம்தான். சாதி கொல்லும் என்று சொன்னது. ஆனால் முருகனின் சாதி என்ன என்று பெயர் சொல்லிச் சொல்லவில்லை. ஏழை, மெக்கானிக் என்பதோடு நிறுத்திக்கொண்டது. தியேட்டரில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது, படத்துக்கு மட்டும் தெரியாதது போல நடித்தது. அடிக்கும் சாதிக்கு மீசை, பேச்சு, வீடு, தோப்பு எல்லாம் உண்டு. அடிபடும் சாதிக்கு வறுமை மட்டும் உண்டு. அந்தப் பத்தாண்டில் நம்மை உள்ளே விட்டது இந்த நிபந்தனையோடுதான்: ஏழையாக வா, பெயரைச் செருப்போடு வெளியே கழற்றி வை.

அடுத்து மதுரைப் படங்கள். ஸ்டாலின் ராஜாங்கம் போன்ற நம் ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் அவற்றைத் தேடிப் படிக்க வேண்டும். அருவாள், கிடா விருந்து, சாமி கும்பிடு, அண்ணன் தம்பி பகை, சாராயக்கடை, ஊர்த் திருவிழா. மதுரை என்றால் இதுதான் என்று சினிமா முடிவுசெய்துவிட்டது. 2003இல் ‘சண்டியர்’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தபோது டாக்டர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். அது ‘விருமாண்டி’ என்ற பெயரில் 2004இல் வந்தது. அன்று நம்மைக் கலை தெரியாதவர்கள் என்றார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பெயரில் ஒன்றும் இல்லையென்றால் நம் பெயரை மட்டும் ஏன் அவர்களால் திரையில் உச்சரிக்க முடியவில்லை?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் நமக்கு ஒதுக்கப்பட்டதால் அங்கே 1996இலிருந்து பத்தாண்டு முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. நான்கு மாதம் கழித்து, 2007 பிப்ரவரியில், ‘பருத்திவீரன்’ வெளியானது. உத்தப்புரத்தில் நம் தெருவை மறித்து எழுப்பிய சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து ‘சுப்பிரமணியபுரம்’ வந்தது. இரண்டும் திறமையாக எடுத்த படங்கள். நானே இரண்டையும் பலமுறை பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் மதுரையின் தெரு, மதுரையின் பேச்சு, மதுரையின் வெயில் என்று ஒவ்வொன்றையும் நுணுக்கமாகப் பார்த்த அந்தக் கேமராக்களுக்கு மதுரையின் சுவர் மட்டும் தெரியவில்லை. யதார்த்தம் என்று நாம் கொண்டாடியதற்கு ஒரு கண் மூடியிருந்தது.

‘பருத்திவீர’னில் நாயகனின் தாய் குறவர் சமூகத்துப் பெண். பகைக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்க்குப் படத்தில் கதை இல்லை. அவள் ஒரு கறை, அவ்வளவுதான். முடிவு உங்களுக்குத் தெரியும். முத்தழகு சிதைந்து சாகிறாள், வீரனை வெட்டிக் கொல்கிறார்கள். அண்ணன் அந்தப் படம் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கவில்லை. “கலப்புன்னா இதான் கதின்னு ஊருக்கு ஒரு தடவ சொல்லிட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

இப்போது 2012க்கு வருகிறேன். கொஞ்சம் நின்று பேச வேண்டிய ஆண்டு அது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று ‘அட்டகத்தி’ வெளியானது. பா. இரஞ்சித்தின் முதல் படம். ஆவடி பக்கம் கர்லபாக்கத்தில் பிறந்து, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்து, வெங்கட் பிரபுவிடம் ‘சென்னை 600028’இல் உதவி இயக்குநராக இருந்தவர். சி.வி. குமார் என்ற புதிய தயாரிப்பாளர் சின்னச் செலவில் எடுத்தார், பெரிய நிறுவனம் வாங்கி வெளியிட்டது. நகரத்து விளிம்பில் ஒரு ஊர், பஸ், ரூட்டு, டுடோரியல், கானா. நாயகன் தினகரன் ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்துக் காதலிக்கிறான், ஒவ்வொன்றிலும் பல்ப் வாங்குகிறான். கடைசியில் தான் உருகி உருகிக் காதலித்தவள் இன்னொரு தினகரனைக் காதலிக்கிறாள் என்று தெரிகிறது.

எங்கள் அமைப்பில் அன்று பலருக்கு ஏமாற்றம். நம் பையன் ஒருவன் இயக்குநராகிவிட்டான், ஏதோ பெரிய நெருப்பை வைக்கப்போகிறான் என்று நினைத்தால் காதல் காமெடி எடுத்திருக்கிறானே என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். “படம் முடியறப்ப நம்ம பையன் எங்கடா இருக்கான்?” என்றார். “வீட்டுக்குப் போறான்” என்றேன். “அதாண்டா படம்” என்றார்.

எனக்கு அது புரிய மூன்று மாதம் ஆனது. நவம்பர் 7 அன்று தருமபுரி நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று காலனிகளை எரித்தார்கள். ஒரு காதல் திருமணம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஜீன்ஸ் போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நம் பையன்கள் மற்ற வீட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். அதற்கு ‘நாடகக் காதல்’ என்று பெயரும் வைத்தார்கள். கவனித்துப் பாருங்கள், இந்தக் கதை எங்கிருந்து வந்தது? ஏழைப் பையன், பணக்காரப் பெண், சைக்கிளில் பின்தொடர்தல், ஓடிப்போதல், அப்பனின் அருவாள். நாற்பது ஆண்டாகத் தமிழ் சினிமா சொல்லிவந்த கதையில் பையனை வில்லனாக்கிவிட்டால் ‘நாடகக் காதல்’ தயார். அதை அரசியலாக மாற்ற அவர்களுக்கு அதிகம் சிரமம் இருக்கவில்லை.

அந்த வெப்பத்தில் ‘அட்டகத்தி’யைத் திரும்பப் பார்த்தேன். ஒரு பையன் காதலிக்கிறான், தோற்கிறான், அசிங்கப்படுகிறான், வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடுகிறான். யாரும் அவனை வெட்டவில்லை. அவன் பைத்தியமாகவில்லை. மற்ற எல்லாப் பையன்களுக்கும் கிடைக்கும் அந்தச் சாதாரணத் தோல்வி நம் பையனுக்கும் கிடைக்கிறது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று இளவரசன் தருமபுரி தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். அவருக்கு அந்தச் சாதாரணம் கிடைக்கவில்லை.

‘அட்டகத்தி’ வானத்திலிருந்து விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிலிம் சுருளில் எடுத்தவரை ஒவ்வொரு அடிக்கும் காசு. நம்மிடம் அது இல்லை. 2005 வாக்கில் பெரிய நடிகர்கள் சோதனையாகத் தொட்ட டிஜிட்டல் கேமரா, 2012இல் ‘வழக்கு எண் 18/9’ போன்ற ஒரு முழுப் படத்தைப் போட்டோ எடுக்கும் கேமராவில் எடுக்குமளவுக்கு வந்துவிட்டது. தியேட்டருக்குப் பெட்டி போவது நின்று டிஜிட்டலில் படம் போனது. டிவியில் குறும்படப் போட்டி நடந்தது. வாசல் கொஞ்சம் அகலமானது. ஆனால் வாசல் அகலமானதும் நாம் உள்ளே போகத் தயாராக இருந்தோம் என்பதுதான் முக்கியம். முப்பது ஆண்டு தலித் இலக்கியம், சிறுபத்திரிகை, இரவுப் பள்ளி, சுவரெழுத்து, கவின்கலைக் கல்லூரி விடுதி. பூமணி ‘வெக்கை’ எழுதியது 1982இல். அவரே 1996இல் ‘கருவேலம்பூக்கள்’ என்று தீப்பெட்டிக் குழந்தைகளைப் பற்றிப் படம் எடுத்தார். எத்தனை பேர் பார்த்தோம்? மாரி செல்வராஜ் முதலில் எழுத்தாளர். ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ அவருடைய சிறுகதைத் தொகுப்பு. 1999 ஜூலை 23 திருநெல்வேலி ஊர்வலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தலைப்பு போதும்.

2014இல் ‘மெட்ராஸ்’. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. வடசென்னை என்றால் கஞ்சா, கத்தி என்றே பார்த்துப் பழகிய திரையில் ஐடி வேலைக்குப் போகும் ஒரு பையன், கால்பந்து ஆடும் பையன்கள், கையில் ‘தீண்டாத வசந்தம்’ நாவல். ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கதை. படம் முடியும்போது சுவரில் இருந்த முகம் போய்விடுகிறது, காளி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்தப் படத்துக்கு அண்ணனிடம் நான்தான் முதலில் பதில் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்பே.

‘கபாலி’, ‘காலா’ இரண்டிலும் எங்களுக்குள் சண்டை. ரஜினி சிறையில் ‘என் தந்தை பாலய்யா’ புத்தகத்தைப் படிப்பதைப் பார்த்து நான் தியேட்டரில் எழுந்து நின்று கத்தினேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “நம்ம பையன் எங்கன்னு கேட்டா ரஜினியக் காட்டுறீங்க. ரஜினி எப்படா நம்ம பையன் ஆனாரு?” என்றார். பெரிய நடிகரின் உடம்பில் ஏறி நம் சொல் பத்து மடங்கு தூரம் போகும் என்றேன். போகும், ஆனால் இறங்கும்போது யாருடைய சொல்லாக இறங்கும் என்றார். இந்த வாதம் முடியவில்லை. தாராவியில் நிலம் எங்கள் உரிமை என்று ஒரு உச்ச நட்சத்திரத்தைச் சொல்லவைத்தது சின்ன வேலை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ‘காலா’வைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நிலம் என்றதும் ‘அசுரன்’ நினைவுக்கு வருகிறது. 2019. வெற்றிமாறன் ‘வெக்கை’யை எடுத்து அதில் பஞ்சமி நிலத்தையும், செருப்பு போட்டதற்கு அடி வாங்கும் பெண்ணையும், வெண்மணியை நினைவூட்டும் தீயையும் சேர்த்தார். 1892இல் வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு, 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட போராட்டம், இதெல்லாம் நாம் துண்டறிக்கையில் எழுதிக் கொடுத்தபோது வாங்கிப் பார்க்காதவர்கள் படம் வந்த மாதத்தில் பஞ்சமி பஞ்சமி என்று பேசினார்கள். எதைப் பற்றி? ஒரு கட்சிக்காரர் இன்னொரு கட்சிக்காரரின் கட்டடம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று. நம் கையில் ஒரு சென்ட் திரும்பி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சினிமா ஒரு சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவரும். அதை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது நம் கையில் இருக்கிறது, இருந்திருக்க வேண்டும்.

‘பரியேறும் பெருமா’ளுக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 28. நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. முதல் நாளே பதினோரு பேர் வேன் வைத்துக்கொண்டு போனோம். புளியங்குளத்துப் பையன் திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குப் போகிறான். கறுப்பியைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறார்கள். அவனை அடித்து அவமானப்படுத்துகிறார்கள். பெண் வேடம் கட்டும் கலைஞரான அவன் தந்தையின் வேட்டியை அவிழ்த்து ரோட்டில் ஓடவிடுகிறார்கள். கடைசியில், குலசாமிக்குச் செய்வதுபோலக் கொலை செய்யும் அந்தக் கிழவர் அவனை அடித்து மயக்கித் தண்டவாளத்தில் கிடத்துகிறார்.

அந்தக் காட்சியில் எங்கள் வரிசையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் எங்களுக்கு முடிவு தெரியும். தண்டவாளம் என்றால் இளவரசன். தண்டவாளம் என்றால் 2015இல் திருச்செங்கோட்டில் கடத்தப்பட்டு, பிறகு தண்டவாளத்தில் பிணமாகக் கிடைத்த கோகுல்ராஜ். ரயில் வரும், தலை துண்டாகும், தற்கொலை என்று எழுதுவார்கள். ‘காதல்’ காலத்து சினிமாவாக இருந்தால் அங்கே ரயிலை விட்டிருக்கும். நாம் அழுதிருப்போம். ஊரும் நமக்காக அழுதிருக்கும்.

பரியன் எழுந்துவிட்டான்.

தியேட்டரில் கைதட்டல் இல்லை. என் பக்கத்தில் இருந்த பையன் தேம்பித் தேம்பி அழுதான். எழுந்தவன் அருவாளை எடுக்கவில்லை. பெண்ணின் தகப்பனிடம் பேசுகிறான். மறுபடி கல்லூரிக்குப் போகிறான். இரண்டு கண்ணாடித் தம்ளர், நடுவில் ஒரு பூ. டீக்கடையில் நாங்கள் பதினோரு பேரும் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அன்று கேள்வியைக் கேட்கவே இல்லை. டீக்கு மட்டும் எல்லோருக்கும் காசு கொடுத்தார்.

அந்தப் படத்திலும் பரியனின் சாதிப் பெயர் சொல்லப்படவில்லை என்று ஒரு மாணவர் போன ஆண்டு என்னிடம் கேட்டார். ‘காதல்’ செய்ததைத்தானே இதுவும் செய்கிறது என்றார். நல்ல கேள்வி. என் கருத்து இது: ‘காத’லில் பெயரை மறைத்தது படம். இங்கே பெயரைத் திருடியது யார் என்பதே படம். அவன் ஒதுக்கீட்டில் வந்தவன் என்பது வகுப்பில் தெரியும், அவன் அம்பேத்கராக ஆக வேண்டும் என்று சொல்வது நமக்குத் தெரியும். மௌனம் ஒன்றுதான், அதில் ஒளிந்திருப்பவர் வேறு. ஆனாலும் அவர் கேட்டது நியாயம். வாய்விட்டுச் சொல்லும் நாளும் வந்தது. ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தில் ரெனே தன்னை அம்பேத்கரியவாதி என்று நேராகச் சொல்கிறாள்.

ரெனே என்றதும் அண்ணன் மகள் முன்வரிசையில் என்னைப் பார்க்கிறார். அவர் கேட்ட கேள்வியை நான் விட்டுவிடக் கூடாது. ஒருநாள் அப்பாவும் நானும் இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளேயிருந்து வந்து கேட்டார்: “எப்ப பாத்தாலும் நம்ம பையன் எங்க, நம்ம பையன் எங்க. நம்ம பொண்ணு எங்கப்பா?” அண்ணன் வாயடைத்துப்போய்விட்டார். நம் படங்களிலும் காதலிக்கும் பெண் பெரும்பாலும் அடுத்த வீட்டுப் பெண்தான், வெள்ளந்தியானவள். நம் பெண்கள் அம்மாவாக, அக்காவாக, இறந்துபோகிறவளாக வருகிறார்கள். ‘காலா’வில் உடையை இழந்த நிலையிலும் துணியைத் தேடாமல் கட்டையை எடுக்கும் புயல், அப்புறம் ரெனே. விரல்விட்டு எண்ணிவிடலாம். இயக்குநர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். பாமாவும் சிவகாமியும் முப்பது ஆண்டுக்கு முன்பே எழுதிய பெண்களைத் திரையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கு மேல்சாதியைக் குறைசொல்லித் தப்பிக்க முடியாது.

அண்ணன் 2021இல், கொரோனா இரண்டாம் அலையில் போனார். ‘மாமன்னன்’ வந்தபோது அவர் இல்லை. 2023 ஜூன் கடைசி. இசக்கியாகக் கை வெட்டுப்பட்ட அதே வடிவேலு, தனித்தொகுதி எம்.எல்.ஏ.வாக, பெரிய வீட்டு நாற்காலி முன்னால் நின்றே பழகிய மனிதராக வருகிறார். மகன் உட்காரச் சொல்கிறான். ‘தேவர் மகன்’ இசக்கியை நினைத்துத்தான் மாமன்னனை எழுதியதாக மாரி செல்வராஜ் கமலை மேடையில் வைத்துக்கொண்டே சொன்னார். 1994இல் கிணற்றில் குளித்துக்கொண்டே “இசக்கிடா” என்று சொன்னவன் இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான். இடைவேளையில் எனக்குப் போன் செய்தான். இருவருக்கும் பேச்சு வரவில்லை.

இதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் படம் ஓடிடிக்கு வந்தது. வந்த சில நாட்களில் அந்தப் படத்தின் வில்லன் ரத்தினவேலுவை மட்டும் வெட்டி எடுத்து, தங்கள் சாதிப் பாட்டைப் பின்னால் ஒட்டி, ஆயிரக்கணக்கான ரீல்ஸ் போட்டார்கள். நாயை அடித்துக் கொல்பவன் அவர்களுக்கு நாயகன் ஆனான். ஒரே ஒரு சாதிக்காரர்கள் அல்ல, பல சாதியினரும் அவனைத் தங்கள் ஆள் என்று போட்டி போட்டார்கள். இதைக் கேலியாகப் பேசிவிட்டு நாம் நகர்ந்துவிட்டோம். எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை. இருபதாண்டு முயன்று நாம் கதையை மாற்றினோம். அவர்களுக்குக் கதை வேண்டியதில்லை, முப்பது நொடி போதும். ‘திரௌபதி’ மாதிரிப் படங்களை எடுப்பதற்கு அவர்களிடமும் அதே டிஜிட்டல் கேமரா இருக்கிறது, நாம் கதவு திறந்தது என்று மகிழ்ந்த அதே கதவுதான். நம் படத்தைச் சாதிப் படம் என்பார்கள். ‘தேவர் மகன்’ மட்டும் என்றைக்கும் கிளாசிக்.

அந்த ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம் 9ஆம் தேதி இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் நம் பையன் ஒருவனை வீடு புகுந்து அருவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவனோடு படிக்கும் பையன்கள். சினிமாதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் சாதிக்கு வேலை குறைந்துவிடும். அந்தப் பையன்களின் கையில் இருந்த போனில் என்ன ஓடியது என்று நீதிபதி சந்துரு குழு கேட்டிருக்குமா என்பது மட்டும் எனக்குள் ஓடுகிற கேள்வி. வெட்டுப்பட்ட பையன் மருத்துவமனையில் இருந்துவந்து, அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேறினான். கல்லூரிக்குப் போனான்.

மாணவர்களிடம் ஒரு விஷயம். மதியம் சாப்பிடும்போது உங்களில் இரண்டு பேர் உதவி இயக்குநராகப் போகப்போவதாகச் சொன்னீர்கள். சந்தோசம். சாலிகிராமத்தில் வாடகை, வருசக்கணக்கில் சம்பளம் இல்லாத வேலை, ஊரிலிருந்து பணம் வராது என்பதை யோசித்துக்கொண்டு போங்கள். கூகை நூலகம் மாதிரி ஒன்றிரண்டு இடங்கள் இப்போது இருக்கின்றன, அன்று எங்களுக்கு அதுவும் இல்லை. எடிட்டிங் கற்றுக்கொள்ளுங்கள். அந்த முப்பது நொடியை யாராவது நம் பக்கம் இருந்து வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். போகிற பெண்கள் யாராவது இருந்தால் இந்த அமைப்பு அவர்களுக்கு முதல் ஆறு மாத வாடகையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நேற்றுப் பேசினோம். அண்ணன் மகள்தான் கேட்டுக்கொண்டார், அவரே பொறுப்பும் எடுத்திருக்கிறார். விவரங்களை அவரிடம் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். உங்கள் கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ‘கபாலி’ பற்றி என்னோடு சண்டை போட விரும்புகிறவர்கள் முதலில் வாருங்கள்.